புளிப்பு வேறு, எரிச்சல் வேறு

அடுப்படி அலமாரியில் காபிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு சாய்ந்து நிற்கிறது. அட்டையில் குவளை வைத்த வட்டக் கறை. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் இருப்பது இது: "காலை 6.10. பெரிய குவளை, வெறும் வயிறு. 6.50-க்கு நெஞ்செரிச்சல். 8.00-க்கு இன்னொரு குவளை. (புத்தி எங்கே போச்சு?)"

அடைப்புக்குறிக்குள் இருப்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட குட்டு.

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். அடுத்தவர் எழுதியதில் ஒற்று விட்டுப்போயிருக்கிறதா, ழகரம் ளகரமாகியிருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குக் கையருகே காபி இருந்தாக வேண்டும். எத்தனை குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது "மூணு கப்" என்றேன், ரொம்பச் சாதுவாக. வீட்டுக்கு வந்து குவளையில் தண்ணீர் ஊற்றி அளந்தால் 350 மில்லி. ஒவ்வொரு குவளைக்கும் 18 கிராம் பொடி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் பாதிக்குப் பாதி ரோபஸ்டா ரகம் கலந்த பொடி.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இன்னொரு ரகமான அராபிகாவில் எடைக்குச் சுமார் 1.2 சதவீதம் கஃபீன் இருக்கும். ரோபஸ்டாவில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. அப்படிப் பார்த்தால் என் மூன்று குவளையும் சேர்ந்து நாளொன்றுக்கு 700 மில்லிகிராமைத் தாண்டுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன கணக்குப்படி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பாதகமில்லை, ஒரே தடவையில் 200 வரை. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்குமே 200தான். நான் குடித்தது கிட்டத்தட்ட இரண்டு ஆளுக்கானது.

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "மூணு வாரம் காபியை நிறுத்திப் பாருங்க. அப்புறம் திரும்பக் குடிக்கிறதா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிங்க, எது ஒத்துக்கலைன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்" என்றார். முதல் மூன்று நாள் தலைவலி உயிரை வாங்கியது. கஃபீனைத் திடீரென்று விட்டால் அப்படித்தான், ஒரு வாரம்வரைகூட இழுக்கலாம். நாலாம் நாள் தலை தெளிந்தது, இரண்டாம் வாரம் நெஞ்சு அடங்கியது. மூன்றாம் வாரம் முடிந்த மறுநாள் காலை இந்த நோட்டை வாங்கினேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விழுங்கவே சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது, இதெல்லாம் இருந்தால் காபிப் பொடியை மாற்றிப் பார்க்கிற விஷயமில்லை அது. நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

சரி, காபிக்கு வருவோம். திரும்பக் குடிக்க ஆரம்பித்தபோது எல்லாரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன். "அமிலம் குறைந்தது" என்று பெரிய எழுத்தில் அச்சடித்த பொட்டலம் ஒன்றை வாங்கினேன். காபி சப்பென்று இருந்தது. பரவாயில்லை, வயிற்றுக்கு நல்லது என்று இரண்டு குவளை குடித்தேன். எரிச்சல் வந்த வழியே திரும்பி வந்தது. அப்போதுதான் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. ஒரே சொல்லை இரண்டு பொருளில் எழுதிக் குழப்பியிருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போடுவேனே, இந்த "அமிலம்" என்ற சொல்லுக்கு ஏன் போடவில்லை?

காபி ருசிப்பவர்கள் அமிலம் என்று சொல்வது நாக்கில் படும் புளிப்பை. பழத்தில் இருக்குமே, அந்தத் துள்ளல். இளவறுவல் கொட்டையில் அது தூக்கலாக இருக்கும். ஆனால் அமிலத்தின் காட்டத்தை அளக்கும் பி.எச். (எண் குறையக் குறையக் காட்டம் கூடும்) காபிக்கு எப்படிப் போட்டாலும் 5-ஐ ஒட்டித்தான் நிற்கும். இரைப்பை தானே சுரக்கும் அமிலமோ 2 வாக்கில். அந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு, ஆக மூன்று படி என்றால் ஆயிரம் மடங்கு. ஆயிரம் மடங்கு காட்டமான அமிலத்தைத் தினமும் வைத்துப் பிழைக்கிற பாத்திரத்தில் காபியின் புளிப்பு என்ன பண்ணிவிடும்? காபி வயிற்றுக்குள் அமிலத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. இரைப்பையைப் பார்த்து "சுர" என்று விரலைச் சொடுக்குகிறது, அவ்வளவுதான். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வு தளர்ந்தால், சுரந்தது மேலே ஏறி நெஞ்சில் எரிகிறது.

ஆக, எனக்கு வேண்டியது புளிப்புக் குறைந்த காபி அல்ல, குறைவாகச் சொடுக்குப் போடும் காபி. இந்த ஒரு திருத்தம் என் மூளையில் ஏறியதும் மீதி எல்லாம் வரிசைக்கு வந்தது.

யார் சொடுக்குப் போடுவது? கஃபீன் முதல் ஆள். ஆனால் தனி ஆள் இல்லை, கஃபீன் நீக்கிய டிகாஃப் குடித்தாலும் இரைப்பை கொஞ்சம் சுரக்கத்தான் செய்கிறது. காபிக் கொட்டையிலேயே இருக்கும் குளோரோஜெனிக் அமிலம், கொட்டையின் மேலுள்ள மெழுகுப் படலத்தில் இருக்கும் சில பொருள்கள், இவற்றின் மேலும் சந்தேகம் உண்டு. இதில்தான் வறுவல் வந்து விளையாடுகிறது. கொட்டையை வறுக்க வறுக்கக் குளோரோஜெனிக் அமிலம் சிதைந்து குறையும். கூடவே, பச்சைக் கொட்டையில் உள்ள ட்ரைகோனெலின் சூட்டில் மாறி என்-மெத்தில்பைரிடினியம் என்ற இன்னொன்றாகும். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், நானும் மூன்று தடவை எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். இரைப்பைச் செல்களை வைத்துச் செய்த சோதனைகளில் இது அமிலச் சுரப்பை அடக்கும் பக்கம் நின்றது. கருவறுவலில் இது கூடுதல். 2014-இல் வந்த ஓர் ஆய்வில் ஆரோக்கியமான சிலருக்கு நடுவறுவலையும் கருவறுவலையும் கொடுத்துப் பார்த்தார்கள். கருவறுவல் குடித்தபோது அமிலச் சுரப்புக் குறைவாக இருந்தது. பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான், அதனால் இதை வேதவாக்காக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் நோட்டு அதற்கு ஒத்து ஊதியது. இளவறுவல் குடித்த பத்து நாளில் ஆறு நாள் எரிச்சல். அதே எடை, அதே நேரம், கருவறுவலில் இரண்டு நாள்.

இளவறுவல் பிரியர்கள் அடிக்க வருவார்கள். வரட்டும். கருவறுவல் என்றால் கரி என்று அவர்கள் நினைப்பு. நல்ல கருவறுவலுக்குப் பாகு காய்கிற மாதிரி ஓர் அடர்த்தியான மணம் உண்டு. ஒரேயொரு சங்கடம், அதிகம் வறுத்த கொட்டையில் எண்ணெய் மேலே வந்துவிடும். காற்றுப் பட்டால் சீக்கிரம் காறிப்போகும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஆகிற அளவுக்கு மேல் நான் வாங்குவதில்லை. வாங்கும்போது பார்ப்பது மூன்று: முழுக்க அராபிகாதானா, கருவறுவலா, வறுத்த தேதி போட்டிருக்கிறதா. "ஸ்ட்ராங்" என்ற சொல்லைப் பார்த்தால் பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்பேன், பெரும்பாலும் ரோபஸ்டா ஒளிந்திருக்கும். ரோபஸ்டாவில் கஃபீன் மட்டுமல்ல, குளோரோஜெனிக் அமிலமும் கூடுதல். சிக்கரியில் கஃபீன் கிடையாது, அது கலந்தால் கஃபீன் அந்த அளவுக்குக் குறையும் என்பது உண்மைதான். எனக்கு அந்த ருசி பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

இப்போது போடும் முறை. தராசில் 12 கிராம் பொடி, 200 மில்லி தண்ணீர். கெட்டில் கொதித்து அடங்கியதும் மூடியைத் திறந்து அரை நிமிடம் விடுவேன், 93, 94 டிகிரிக்கு வந்துவிடும். பில்டர் தாளை ஒரு தடவை வெந்நீரில் நனைத்துவிட்டுப் பொடியைக் கொட்டி, மேலே கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தால் பொடி உப்பிக்கொண்டு மூச்சுவிடும். புதுப்பொடியா பழசா என்று அந்த உப்பலைப் பார்த்தே சொல்லிவிடலாம். அரை நிமிடம் கழித்து மீதித் தண்ணீரை வட்டமாக ஊற்றுவேன். மூன்று நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும். அதற்குமேல் சொட்டுவது தண்ணியாக, கசப்பாக இருக்கும், அதற்கு முன்பே குவளையை நகர்த்திவிடுவேன். கடைசி வாசகம் நாக்குக்காக மட்டும். வயிற்றைக் காப்பாற்ற நேரத்தைக் குறைத்துப் பிரயோஜனமில்லை. கஃபீன் தண்ணீரில் சுலபமாகக் கரைவது, பெரும்பகுதி ஆரம்பத்திலேயே இறங்கிவிடும். நேரத்தைக் குறைத்தால் காபிதான் புளித்துப்போய், வேகாத மாதிரி இருக்கும். கஃபீனைக் குறைக்க ஒரே வழி பொடியைக் குறைப்பது. பொடியைக் குறைத்துப் பெரிய குவளையில் ஊற்றினால் கழுநீர்தான். அதனால் குவளையையே மாற்றினேன். பழைய 350 மில்லிக் குவளையில் இப்போது சிவப்புப் பேனாக்கள் நிற்கின்றன.

பில்டர் தாள் பற்றி இன்னொரு குழப்பம் உலவுகிறது. 1908-இல் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத் தலைவி, பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஓட்டை போட்டு, மகனின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒற்றுத்தாளைக் கிழித்து வைத்துக் காபியை வடிகட்டிப் பார்த்தார். தாள் பில்டருக்குக் காப்புரிமையும் வாங்கினார். மகனுக்குத் திட்டு விழுந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அந்தத் தாள் காபியின் எண்ணெயில் இருக்கும் காஃபெஸ்டால், காவியோல் என்ற இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அவை கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியவை, ஆகவே தாள் நல்லதுதான். ஆனால் அது ரத்தத்துக்கான நன்மை. நெஞ்செரிச்சலுக்கு மருந்து என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கோல்ட் ப்ரூ கதையைச் சொல்லாமல் விட முடியாது. குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் அமிலமே இறங்காது, வயிற்றுக்குப் பால் மாதிரி என்று பக்கத்து மேசைக்காரர் சத்தியம் செய்தார். 80 கிராம் பொடியை 640 மில்லி தண்ணீரில் போட்டு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் வடிகட்டி ஒரு வாய் குடித்தால், அடடா, கசப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகிறது. பழைய பெரிய குவளை நிறையக் குடித்துவிட்டேன். அரை மணியில் கை உதற ஆரம்பித்தது. பக்கத்தில் திருத்திய மெய்ப்பில் என் கையெழுத்தே நடுங்கியிருந்தது. நான் குடித்தது தண்ணீர் சேர்த்து இளக்க வேண்டிய சாறு. ஏறக்குறைய 40 கிராம் பொடியின் கஃபீன், இன்றைய அளவில் மூன்று வேளைக் காபிக்கு மேல். நாக்கு கசப்பைக் கண்டால்தானே கையைப் பிடித்து நிறுத்தும்? இங்கே அந்தக் காவல்காரனே தூங்கிவிட்டான்.

2018-இல் ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு பேர் கோல்ட் ப்ரூவையும் சூடான காபியையும் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். இரண்டின் பி.எச்.சும் 4.85-க்கும் 5.13-க்கும் நடுவில்தான் இருந்தன. சூடான காபியில் மொத்த அமிலங்கள் கூடுதலாக இறங்கியிருந்தன என்பது நிஜம். அதனால் நாக்குக்கு வித்தியாசம் தெரிகிறது. இப்போது கோல்ட் ப்ரூ போட்டால் இரண்டு பங்குக்குமேல் தண்ணீர் சேர்த்து, எடையைக் கணக்குப் பார்த்துத்தான் குடிக்கிறேன். அப்படிக் குடித்தால் சூடான காபியைவிட ஒரு பொட்டுக்கூட மோசமில்லை, பெரிய மாயமும் இல்லை. காபியில் ஒரு சிட்டிகை சோடா உப்பு போடச் சொல்வதும் இதே ரகம். புளிப்பை அடக்கும், வாயில் சோப்புத் தண்ணீர் ருசி வரும், சொடுக்குப் போடும் விரலைத் தொடவே தொடாது.

நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் ஐந்தாவது வாரம். "வயிறு சரியில்லை" என்று நான் எழுதிவந்தது இரண்டு தனித்தனி வியாதிகள் என்று அன்றுதான் பிடிபட்டது. ஒன்று நெஞ்சில் எரிவது. இன்னொன்று, குடித்து இரண்டு மணி நேரம் கழித்து வயிறு மத்தளம் மாதிரி உப்புவது. ஒரு வாரம் பாலில்லாமல் கறுப்பாகக் குடித்தேன். உப்புசம் துடைத்துவிட்டாற்போல் போனது, எரிச்சல் அசையவில்லை. உப்புசத்துக்குக் காரணம் பால். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயதாக ஆகப் பலருக்கும் குறைந்துபோகும். இத்தனை வருஷம் பாலின் பழியைக் காபி சுமந்திருக்கிறது. இப்போது லாக்டோஸ் நீக்கிய பால், அதுவும் இரண்டு கரண்டி.

மூன்றாவது ஒன்றும் உண்டு, அதைக் கோளாறு என்று சொல்லக்கூடாது. காபி உள்ளே போனதும் சிலருக்குக் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். 1990-இல் ஓர் ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்குக் காபி குடித்த நாலே நிமிடத்தில் பெருங்குடலின் கடைசிப் பகுதி வேலையை ஆரம்பித்ததைப் பதிவு செய்தார்கள். டிகாஃபுக்கும் அதே கதைதான். என் தங்கை இந்தச் சங்கதியைக் கேட்டுவிட்டு, "அப்பாடா, எனக்கு மட்டும்தான்னு நெனச்சிட்டிருந்தேன் அக்கா" என்றாள்.

ஆனால் நோட்டு காட்டிக்கொடுத்ததிலேயே பெரிய திருட்டு வேறு. எரிச்சல் மோசமான நாள்களை வட்டமிட்டுப் பார்த்தேன். பாதிக்குமேல் அந்த வரிகளின் ஓரத்தில் "மா" என்று ஒரு குறி. மாத்திரை. நாள் முழுக்கக் குனிந்து எழுதுவதில் மணிக்கட்டு வலித்தால் காலையில் ஐபுபுரோஃபென் ஒன்றைப் போட்டு, தண்ணீருக்கு எழுந்துபோகச் சோம்பல்பட்டு, காபியிலேயே விழுங்குவேன். வெறும் வயிற்றில். இந்த வகை வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் பூச்சையே குறைத்துவிடும். வயிற்றுப் புண்ணுக்கு முக்கியமான இரண்டு காரணங்களில் இது ஒன்று, இன்னொன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அந்தக் கிருமியை நிரூபிக்க 1984-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் அதைக் கலந்த கரைசலைத் தானே எடுத்துக் குடித்துவிட்டார், 2005-இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். எத்தனை பேர் புண்ணுக்குக் காபியை வைதிருப்பார்கள்! ஜப்பானில் 8,013 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில் காபிக்கும் புண்ணுக்கும் தொடர்பே தென்படவில்லை. டாக்டரிடம் மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் முகத்தைப் பார்த்தார், "இதை ஏம்மா மொதல்லயே சொல்லல?" நீங்கள் கேட்கவில்லையே என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மணிக்கட்டுக்கு இப்போது பூசும் மருந்துதான்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். முதல் காபி சாப்பிட்டு அரை மணி கழித்து. போட்ட காபியைச் சூடு ஆறாமல் மணிக்கணக்கில் வைப்பதில்லை, குளோரோஜெனிக் அமிலம் உடைந்து உடைந்து அதன் ருசி கூராகிவிடும். மதியம் இரண்டு மணிக்கு மேல் கஃபீன் கிடையாது, உடம்பில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் ஆகிறது. சாயங்காலத்துக்கு டிகாஃப். ஐரோப்பாவில் டிகாஃப் என்று விற்கும் வறுத்த காபியில் கஃபீன் 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்தத் துளியும் எரிச்சல் தருமோ என்று ஒரு வாரம் தனியாகச் சோதித்தேன், எனக்கு இரண்டு நாளைக்குமேல் தெரியவில்லை.

போன மாதம் தங்கை வந்திருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு இருவரும் காபி குடித்தோம். "அக்கா, நீ காபி குடிக்கிறியா, பரீட்சை எழுதுறியா?" என்று கேட்டுக்கொண்டே என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அவள் கிளம்பிப் போன பிறகு நோட்டைத் திறந்தால் என் கட்டத்துக்குக் கீழே அவள் கையெழுத்து: "மாலை 5.00. அக்கா கையால் ஒரு டிகாஃப். எரிச்சல் இல்லை. ராத்திரி 2.40 வரை தூக்கமும் இல்லை. டிகாஃபா இது?"

எழுந்து போய் டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே உயரம். நான் எடுத்தது இடது பக்கத்து டப்பா. இப்போது இரண்டின் மூடியிலும் சிவப்பு மையில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். எழுதியதை இரண்டு தடவை சரிபார்த்தேன்.